முதலில் தெரிவது நண்பனுக்குத்தான்

இந்த மாதம் இது மூன்றாவது. போதைப்பொருள் எடுத்த பதினைந்து வயதுப் பையனை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். பிழைத்துவிட்டான். வெளியே நின்ற அவன் நண்பனிடம், "எத்தனை நாளாக?" என்று கேட்டேன். "ஆறு மாசமா, டாக்டர். சொன்னா ஸ்கூலை விட்டு அனுப்பிடுவாங்கன்னு சொல்லல."

ஆறு மாதம்! பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாதது இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"பள்ளிக்கு வந்து பிள்ளைகளை நல்லா பயமுறுத்திட்டுப் போங்க, டாக்டர்" என்று என்னை அழைப்பவர்களே, பயம் இதைத் தடுக்காது. 1983இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டத்தில் காவலர்களே வகுப்புக்கு வந்து பாடம் நடத்தினார்கள். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றே பின்னால் வந்த பல ஆய்வுகள் காட்டின. காலையில் கருகிய நுரையீரல் படத்தைக் காட்டுகிறீர்கள். வேப் என்ற மின் சிகரெட்டை இழுக்கும் நண்பன் மாலையில் மைதானத்தில் ஓடி ஆடுகிறான். பார்க்கும் பிள்ளை, நீங்கள் சொன்ன மற்றதையும் பொய் என்று முடிவுகட்டிவிடும். மிஞ்சும் பயமோ மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும். நண்பன் மயங்கிக் கிடந்தாலும் பெரியவர்களைக் கூப்பிடத் தயங்க வைக்கும்.

பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுங்கள். பெயர் எழுதாத சீட்டில் வகுப்பே ஒரு கணக்கெடுக்கட்டும். 'எல்லாரும் அடிக்கிறாங்க' என்ற நினைப்புதான் பலரை இழுக்கிறது. உண்மை எண்ணிக்கை பெரும்பாலும் அவர்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். "வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு நகர்வதை நடித்துப் பழகட்டும். உங்களுக்கு அது சின்ன விஷயம், பதினான்கு வயதில் அப்படியல்ல.

முதலுதவியையும் சொல்லிக்கொடுங்கள். மயங்கியவரை மல்லாக்கப் படுக்கவிடக் கூடாது, வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே ஆம்புலன்ஸ். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தனியே விடாதீர்கள். காபி வேண்டாம், தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். மூச்சு நின்றிருந்தால், ஆம்புலன்ஸ் எண்ணில் பேசுபவர் சொல்வதை அப்படியே செய்யுங்கள். என்ன எடுத்தான், எவ்வளவு எடுத்தான் என்பதை எங்களிடம் மறைக்காதீர்கள். சிகிச்சையை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் தடவையே மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். உதவி கேட்டு வருபவருக்கும், நண்பனுக்காக வந்து சொல்பவருக்கும் தண்டனை கிடையாது என்று எழுதி ஒட்டுங்கள். யாரிடம் போய்ச் சொல்வது என்று ஓர் ஆசிரியரின் பெயரையும் அதிலேயே போடுங்கள்.