தடைக்காலத்தில் வாங்கிய டூல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில் நிற்கும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் அது படகுக்குப் பெயின்ட் அடிக்கும் காலம், வலையைப் பழுது பார்க்கும் காலம். எனக்கோ, தொழில் தொடர்பு பிடிக்கிற தளமான லிங்க்ட்இனில் கணக்கு முடங்கியவர்கள் வந்து நிற்கும் காலம். சரக்கு இல்லாமல் ஏற்றுமதிக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், யாராவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் 'நீங்கள் தூங்கினாலும் பையர் பிடித்துத் தரும் டூல்' என்று ஒரு வீடியோ போடுவார்கள், அவ்வளவுதான். பையர் என்றால் சரக்கு வாங்குகிறவர்; டூல் என்றால் லிங்க்ட்இனில் உங்கள் பெயரில் தானாகவே அழைப்பும் மெசேஜும் அனுப்புகிற மென்பொருள். இந்த வருடத்தின் ஆறாவது ஆள் போன வாரம் வந்தார். ஏழாவது ஆளிடம் இதையே திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

வந்தவர் மண்டபத்து அண்ணன் ஒருவர், கணவாயும் நண்டும் அனுப்புகிறவர். "டூல் நல்ல டூல்தான் தம்பி, நான்தான் செட்டிங்க எங்கேயோ தப்பாப் போட்டுட்டேன்போல" என்றார். கணக்கு போயே போய்விட்டது, இவர் இன்னும் டூலுக்கு வக்காலத்து வாங்குகிறார்! அந்த டூல் அனுப்பிய பட்டியலைத் திறந்து பார்த்தேன். நள்ளிரவு 2 மணிக்கு, பெயர் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஃபர்ஸ்ட்நேம்' என்றே போட்டு, 'உங்களுக்கு நம்பகமான கணவாய் சப்ளையர் தேவையா?' என்று ஒரு ஸ்பெயின்காரருக்குப் போயிருக்கிறது. அந்த மனிதர் நாலு வருடமாக இவரிடம்தான் கணவாய் வாங்குகிறார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணனின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

சரி, எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "டூல் வைத்து ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு அனுப்பினால் சேஃப்?" கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் ரொம்ப நிதானமாக, "நான் இருபதுதான் தம்பி அனுப்புறேன், அதுவும் இடைவெளி விட்டு, மனுஷன் மாதிரியே" என்றார். காக்கா, மனுஷன் மாதிரி செய்கிறது என்று சொல்லித்தானே அதை விற்கிறார்கள். லிங்க்ட்இன் விதியில் 'இருபதுக்கு மேல் கூடாது' என்று இல்லை. பாட், அதாவது தானாக இயங்கும் மென்பொருள் வைத்து ஆளைச் சேர்ப்பதும், மெசேஜ் அனுப்புவதும், விவரங்களைச் சுரண்டி எடுப்பதும் கூடாது என்றுதான் பயனர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வாரத்துக்கு நூறு அழைப்பு என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உலவுகிறது. அது கையால் அனுப்புகிறவருக்கு உள்ள வரம்பு, அதையும் எண்ணாக எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. கையால் நூறு அனுப்புகிறவர் விதிக்குள் இருக்கிறார், பாட் வைத்து அஞ்சு அனுப்புகிறவர் வெளியே. எண்ணிக்கை குறைந்தால் மாட்டுவதற்கு நாளாகும், அவ்வளவே வித்தியாசம். வேகம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும் என்று நினைப்பதும் தப்பு. பிரவுசரில் சேர்க்கிற எக்ஸ்டென்ஷன் வகை டூல் லிங்க்ட்இன் பக்கத்துக்குள் தடயம் விடும், விற்பவரின் சர்வரிலேயே ஓடும் கிளவுட் டூல் என்றால் நீங்கள் மண்டபத்தில் இருக்கும்போதே உங்கள் கணக்கு வேறு ஏதோ நாட்டு சர்வரில் இருந்து திறந்திருக்கலாம், அழைப்பு வாங்கியவர்கள் 'இவரை எனக்குத் தெரியாது' என்று அமுக்குவார்கள்.

இன்னொரு சமாதானம், "பாஸ்வேர்டு கொடுக்கலையே, குக்கியைத்தான் காப்பி பண்ணிக் கொடுத்தேன்." குக்கி என்பது நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்று பிரவுசர் வைத்திருக்கும் சின்னக் குறிப்பு. ராமநாதசுவாமி கோயிலில் தீர்த்தமாடப் போகிறவரிடம் டிக்கெட்டைத்தான் பார்ப்பார்கள், 22 தீர்த்தத்திலும் நின்று ஊர் பேர் கேட்க மாட்டார்கள். லாகின் குக்கி அந்த டிக்கெட். அது யார் கையில் இருக்கிறதோ அவர் நீங்கள்தான். ஓடிபி, இரண்டடுக்குப் பாதுகாப்பு எல்லாம் வாசலோடு முடிந்துபோன விஷயம்.

அப்புறம் எதைத்தான் வாங்குவது? தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே சோதனைதான். 'நாங்களே கனெக்ஷன் ரெக்வெஸ்ட் (அழைப்பு) அனுப்புவோம்' என்று ஒரு டூல் சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள், ஏனென்றால் அந்தக் கதவை லிங்க்ட்இன் சாதாரண டூல் கம்பெனிகளுக்குத் திறந்துவிடவில்லை, உங்கள் லாகினுக்குள் புகுந்துதான் அவர்கள் அதைச் செய்ய முடியும். முறையாக இணைகிற டூல், பதிவுகளை நேரம் குறித்துப் போடுவது மாதிரியானது, உங்களை லிங்க்ட்இனின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பி என்னென்ன அனுமதி வேண்டும் என்று பட்டியல் காட்டும். பாஸ்வேர்டையோ குக்கியையோ தன் பக்கத்தில் கேட்காது. காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் லிங்க்ட்இனே விற்கிற சேல்ஸ் நேவிகேட்டர் இருக்கிறது, ஆள் தேடுவதற்கு அதுவே தாராளம். மெசேஜை எழுத ஏஐயிடம் கேளுங்கள், யாருக்கு எப்போது எழுதினோம் என்று எக்ஸெலில் போட்டு வையுங்கள், நினைவூட்டலை காலண்டரில் வையுங்கள். அனுப்புகிற பட்டனை மட்டும் உங்கள் விரல் அமுக்கட்டும். ஐரோப்பியப் பையர்களின் மெயில் முகவரியைச் சுரண்டித் தருகிறேன் என்பவனைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், அங்கே 2018 மே முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு, வரிசை முக்கியம். முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் எங்கெல்லாம் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள், போகாத ஊர் பேர் இருக்கலாம், பயப்படாமல் எல்லாவற்றையும் மூடுங்கள். அப்புறம்தான் பாஸ்வேர்டு. எக்ஸ்டென்ஷன் இருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றினால் புதுக் குக்கியும் அவனுக்கே போகும். கையோடு கணக்கின் பெயரையும் பாருங்கள். 'இன்னார் எக்ஸ்போர்ட்ஸ்' என்று கம்பெனி பேரில் தனிக்கணக்கு வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. முடங்கினால் அடையாள அட்டை கேட்பார்கள், ஆதாரில் அந்தப் பேரில் யாரும் இல்லை.

மண்டபத்து அண்ணனுக்கு அங்கேதான் இடித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்பெயின்காரருக்கு மட்டும் அன்று இரவே என் முன்னால் போன் போட்டார், தெரிந்த இங்கிலீஷில், கால் மணி நேரம். ஜூன் 14க்குப் பிறகு வரும் முதல் கணவாயை அவருக்கு என்று பேசி முடித்திருக்கிறார்.