குஞ்சு மீன் எங்கே? இறால் வலைக்காரரைக் கேளுங்கள்

கொழும்பை அடுத்த பேலியகொட மீன் சந்தையில் கிடக்கும் ஒரு கிலோ கலவாய் எங்கே பிடிபட்டது என்று கேட்டால் வியாபாரி சொல்லிவிடுவார். அது சுண்டுவிரல் அளவில் இருந்தபோது எங்கே இருந்தது என்று கேட்டால் சிரிப்பார். நீர்கொழும்புக் களப்பாக இருக்கலாம். களனி கங்கை கடலில் விழும் காக்கைத்தீவு, முகத்துவாரம் பக்கமாகவும் இருக்கலாம். அந்த இடங்களைச் சரியாகக் குறித்து வரைபடமாக்குவது ஒரு தனி அறிவியல். அதற்கு இன்று ஆய்வாளர்கள் கருவிகளோடு மீனவர்களின் நினைவையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

கரையோர மீன்களில் பல, முட்டையைத் திறந்த கடலில் விடுகின்றன. பொரிந்த குஞ்சு சில வாரம் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆனதும் ஆழமில்லாத, கலங்கலான, ஒளிய இடமுள்ள தண்ணீரைத் தேடி வந்து தங்கிவிடும். கண்டல் வேர்களின் இடுக்குக்குள் பெரிய பாரையால் நுழைய முடியாது. கடற்புல் திட்டுகளில் தின்னக் கூனியும் புழுவும் தாராளம். ஓராக் குஞ்சுகள் கூட்டமாக அங்கேதான் மேயும். உடம்பு தேறியதும் திரும்பக் கடலுக்கு.

ஆனால் குஞ்சைக் கண்ட இடமெல்லாம் மீனின் நாற்றுமேடை ஆகிவிடாது. 2001இல் மைக்கேல் பெக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு கறாரான வரையறை கொடுத்தார்கள். ஒரே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால், மற்ற இடங்களைவிட அதிகக் குஞ்சுகளை வளர்த்துப் பெரிய மீன்களின் கூட்டத்தில் சேர்த்துவிடும் இடமே நாற்றுமேடை. அதற்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும்: குஞ்சுகளின் அடர்த்தி, வளரும் வேகம், எத்தனை பிழைக்கின்றன, எத்தனை வெளியேறிக் கடல் சேர்கின்றன. இதில் முதலாவதை மீனவர் நன்றாகவே சொல்வார். கடைசியைப் பாதி சொல்வார். நடு இரண்டையும் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அப்புறம் ஏன் அவரைக் கேட்கிறோம்? நீர்கொழும்புக் களப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆய்வுக் கப்பல் உள்ளே வர முடியாது. செயற்கைக்கோள் கண்டலைக் காட்டும், கலங்கல் நீருக்குக் கீழே இருப்பதைக் காட்டாது. ஆய்வுக்குழு ஆண்டில் சில நாள் வலை இழுத்துப் பார்க்கும். மீனவரோ சோளகத்திலும் வாடையிலும், இரவிலும் பகலிலும் அங்கேயே கிடக்கிறார். 1970களில் ராபர்ட் ஜோஹான்னஸ் என்ற உயிரியலாளர் பசிபிக் பெருங்கடலின் பலாவு தீவுகளில் மீனவர்களோடு தங்கி, எந்த மீன் எந்தப் பிறையில் முட்டையிடக் கூட்டமாகச் சேரும் என்பதைக் கேட்டுத் தொகுத்தார். அதில் பல விவரம் அதுவரை அறிவியலுக்குத் தெரியாதவை.

சரி, எந்த மீனவரைக் கேட்பது? வேலையின் பாதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆழ்கடலில் பெரிய கண் வலை போட்டுச் சூரை பிடிப்பவர் முப்பது வருட அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் விரலளவு குஞ்சு அவருடைய வலையில் தங்கியதே இல்லை. குஞ்சைப் பார்ப்பவர் சின்னக் கண் வலைக்காரர்: வீச்சு வலை, கரைவலை, இறால் வலை. நீர்கொழும்பில் களப்பு வாய்க்குப் பக்கத்து நீரோட்டத்தில் கழி நட்டுக் கட்டுவலை போடுகிறவர்கள் இன்னும் முக்கியமானவர்கள். வற்று நீரோடு கடலுக்குத் திரும்பும் இறாலை அவர்கள் இரவில் பிடிக்கிறார்கள். அதோடு வெளியேறும் குஞ்சு மீனும் வந்து விழும். வலை போடும் இடங்களைச் சங்கத்துக்குள் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்வது அங்கே பழைய வழக்கம். முறை மாறி மாறி வருவதால் ஒருவரே பல இடங்களை ஒப்பிட்டுச் சொல்ல முடியும். கரையில் உட்கார்ந்து இறாலையும் பொடி மீனையும் பிரிக்கும் பெண்கள் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். பேட்டிப் பட்டியலில் அவர்கள் பெயர் விட்டுப்போனால் பாதி அறிவு போயிற்று.

முறை எளிமையானது. களப்பின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மேலே கண்ணாடித் தாளை விரிக்கிறார்கள். முதலில் கோயில் கோபுரம், பாலம், வாய்க்கால் என்று தெரிந்த அடையாளங்களை மீனவரே காட்டுவார். பிறகு மீன் குஞ்சின் படத்தை உண்மை அளவிலேயே காட்டி, இந்த அளவில் எந்த மாதம், எங்கே, எந்த வலையில் கண்டீர்கள் என்று கேட்டு வட்டம் போடச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனியே கேட்பது நல்லது. கூட்டமாக இருந்தால் சம்மாட்டி (படகு, வலை முதலாளி) சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

பின்னர் தாள்களைக் கணினியில் ஏற்றி, களப்பை 200 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் வலை போடும் 15 பேரில் 9 பேர் அங்கே குஞ்சு உண்டு என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கட்டத்தில் வலை போடுவதே 3 பேர், மூவரும் உண்டு என்கிறார்கள். வெறும் தலையை எண்ணினால் முதல் கட்டம் ஜெயிக்கும். ஆனால் அங்கே அதிகம் பேர் போகிறார்கள் என்பதற்கே அந்த வெற்றி. விகிதம் பார்த்தால் இரண்டாவது முந்துகிறது, மூன்றே பேர் என்பதால் நிச்சயம்தான் குறைவு. யாருமே வலை போடாத கட்டத்துக்கு வெள்ளை நிறம் கொடுப்பது பெரிய ஆபத்து. கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிகளுக்குள் யாரும் வலை வீசுவதில்லை. அதற்காக அங்கே குஞ்சு இல்லை என்று ஆகிவிடுமா? அப்படிப்பட்ட கட்டங்களைத் தனிக் கோடு போட்டு, தகவல் இல்லை என்றே குறிக்க வேண்டும்.

நினைவுக்கும் கோளாறு உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறது என்று 1995இல் மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி சுட்டிக்காட்டினார். ஆகவே அறுபது வயதுக்காரரின் வட்டங்களும் இருபத்தைந்து வயதுக்காரரின் வட்டங்களும் தனித்தனி அடுக்கில் போக வேண்டும். வருடத்தைக் கேட்டால் யாருக்கும் சரியாக வராது. சுனாமிக்கு முன்னா பின்னா என்று கேட்டால் வரும். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததற்கு முன்னா பின்னா என்றாலும் உடனே பதில் வரும்.

வரைந்தது சரியா என்று சிறு கண் வலை இழுத்தும் பார்க்கிறார்கள். குஞ்சு உண்டு என்ற கட்டத்தில் மட்டும் இழுத்தால் போதாது, இல்லை என்ற கட்டத்திலும் இழுக்க வேண்டும். குஞ்சுகள் கடல் சேர்கின்றனவா என்பதற்கு வெளிக்கடலில் பிடித்த பெரிய மீனின் காதுக்கல், அதாவது தலைக்குள் இருக்கும் சிறு கல், சாட்சி. அது படலம் படலமாக வளரும். பொதுவாக நன்னீர் கலந்த இடத்தில் வளர்ந்த காலத்துப் படலத்தில் பேரியம் என்ற தனிமம் கூடுதலாகவும் ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமம் குறைவாகவும் இருக்கும். அப்படியொரு படலம் உள்ளே இருந்தால், அந்த மீன் குஞ்சாக அத்தகைய இடத்தில் வளர்ந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

மீனவருக்கு இதில் ஒரு பயமும் உண்டு. இன்று வட்டம் போட்ட இடத்தில் நாளை தடை வந்தால்? வெளியூர்க்காரர் வலையோடு வந்து நின்றால்? அதனால் வெளியிடும் படத்தில் கட்டங்களைப் பெரிதாக்கி மங்கலாக்கிவிட்டு, நுட்பமான படத்தை மீனவர் சங்கத்திடமே விடுவது நல்ல ஏற்பாடு. களப்பு வாயில் மண் அள்ள அனுமதி கேட்டு யாராவது வரும்போது, எந்த மாதம் அள்ளக் கூடாது, அள்ளிய சேற்றை எந்தக் கடற்புல் திட்டின் மேல் கொட்டக் கூடாது என்று சங்கத்துக்காரர் அந்தப் படத்தை விரித்தே பேசலாம்.