மாங்காய் ஊறுகாயும் ஓஆர்எஸ் பாக்கெட்டும்

வெயில் ஏறினால் வேலூரில் எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு வாந்தி, பேதி என்று வருகிற கூட்டமும் ஏறிவிடும். அப்படித்தான் குடியாத்தம் பக்கத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாகப் பேதி, கண் குழி விழுந்திருக்கிறது, நாக்கு வறண்டிருக்கிறது. ஓஆர்எஸ், அதாவது பேதிக்குக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் கரைசல், கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்த பிறகுதான் இன்னும் அதிகமாகப் போகிறது என்றார் அம்மா. கலந்தது பத்தாவது படிக்கும் அண்ணன். "ஒரு டம்ளர் தண்ணில பெரிய பாக்கெட்டை முழுசா போட்டேன் டாக்டர், கெட்டியா இருந்தா சீக்கிரம் கேக்கும்னு."

சவ்வூடு பரவல்னா என்ன தம்பி என்றேன். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்குச் சவ்வின் வழியே நீர் செல்வது என்று பிசகாமல் ஒப்பித்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அந்தச் சவ்வு தங்கச்சியின் குடலிலும் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

மாணவர்களே, மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி ஜாடியில் வைத்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் நீர் விட்டிருக்கும், துண்டு சுருங்கியிருக்கும். வெளியே செறிவு அதிகம், அதனால் செல்லுக்குள் இருந்த நீர் வெளியே வந்துவிட்டது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை 200 மில்லியில் கரைத்தால் ஐந்து மடங்கு செறிவு. குழந்தையின் குடலுக்குள் அது போனதும் உடம்பில் மிச்சமிருக்கிற நீரும் குடலுக்குள் இழுபட்டு, பேதியாக வெளியேறும், ரத்தத்தில் உப்பும் ஏறும். சரியாகக் கலந்த கரைசலின் செறிவு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களை அளக்கும் அலகு), ரத்தத்தில் சுமார் 290. குடலிலிருந்து நீர் உடம்புக்குள் போக அந்த வித்தியாசமும் உதவுகிறது.

அப்போ வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, பேதியில் உப்பும் சேர்ந்தே போகிறது. சிறுகுடல் செல்லில் ஒரு புரதம் இருக்கிறது, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்துத்தான் உள்ளே விடும், பின்னாலேயே நீரும் போகும். கடுமையான பேதியிலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. அதனால்தான் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். குளிர்பானத்தில் சர்க்கரை மிக அதிகம், உப்பு குறைவு. அதை ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது.

"குளுக்கோஸ் ஏத்திடுங்க" என்று கேட்கிற பெற்றோரிடம் நான் 1971-ஐச் சொல்வதுண்டு. வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கான பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்து வாய்வழியே கொடுக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். பாக்கெட்டில் 200 மில்லியா ஒரு லிட்டரா என்று முதலில் படியுங்கள், அப்புறம் அளந்த, காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், ராத்திரியானாலும் சரி.