தாயைப் போல வராத செர்ரி தக்காளி

மாடித் தோட்டத்தில் செர்ரி தக்காளி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் குழம்பிப் போகிறார்கள். முதல் ஆண்டு பாக்கெட்டில் வாங்கிய விதைகள் முளைத்துச் செடிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல வளர்ந்திருக்கும். கோலிக்குண்டு அளவில் இனிப்பான பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கியிருக்கும். அவற்றில் நன்கு பழுத்த ஒன்றைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி அடுத்த பட்டத்தில் விதைத்தால், ஒரு செடியில் பெருநெல்லி அளவுக்குப் பழம் வருகிறது, இன்னொன்றில் புளிப்பு மட்டுமே மிஞ்சுகிறது, மூன்றாவது செடி காய்ப்பதற்கு முன்பே இலை சுருண்டு நின்றுவிடுகிறது. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்ற பழமொழி இங்கே பொய்த்துப் போவதற்கு மண்ணோ உரமோ வளர்த்தவரின் கைராசியோ காரணம் அல்ல. பாக்கெட்டின் மூலையில் அச்சிடப்பட்டிருந்த "எஃப்1" என்ற குறியீடுதான் காரணம்.

அந்தக் குறியீட்டுக்கு வேளாண் துறையின் தமிழ்ப் பெயர் "வீரிய ஒட்டு ரகம்". இந்தப் பெயரில் உள்ள "ஒட்டு" பலரைத் தவறான பக்கம் இழுத்துச் செல்கிறது. ஒட்டு மாங்கன்றில் ஒரு மரத்தின் கிளையை இன்னொன்றின் வேர்ப்பகுதியோடு இணைத்துக் கட்டுகிறார்கள். அங்கே இரண்டு செடிகளும் உடலால் மட்டுமே சேர்கின்றன, மரபணுக்கள் கலப்பதில்லை. வீரிய ஒட்டில் நடப்பது கலப்பு, அதாவது ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் சேர்த்து விதை எடுப்பது. இதை மரபணு மாற்றுப் பயிர் என்று அஞ்சுவோரும் உண்டு, அதுவும் பொருந்தாது. எஃப்1 விதை, ஒரு பூவின் மகரந்தம் மற்றொரு பூவைச் சென்றடைவதைத் தவிர வேறு எதுவும் நடக்காமல் உருவாகும் விதைதான்.

ஆனால் தக்காளிப் பூ அயல் மகரந்தத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை என்பதால், அந்த எளிய செயலுக்கே மிகுந்த கைவேலை தேவைப்படுகிறது. காலையில் மலர்ந்த பூ ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், பின்னோக்கி வளைந்த மஞ்சள் இதழ்களின் நடுவே, மூக்கு போல நீண்ட மஞ்சள் கூம்பு ஒன்று தெரியும். மகரந்தப் பைகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உண்டாக்கிய குழாய் அது. ஊசியால் அதை நீளவாக்கில் கீறினால், உள்ளே பச்சை நிறச் சூல் தண்டும் அதன் உச்சியில் சூல்முடியும் ஒளிந்திருப்பதைக் காணலாம். மகரந்தம் குழாயின் உட்புறமாகவே உதிர்கிறது. சூல்முடியும் அங்கேயே இருப்பதால், பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடுகிறது. தக்காளியின் காட்டு உறவுகள் பலவற்றில் சூல்முடி குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மனிதன் பயிரிடத் தொடங்கிய பிறகே அது உள்ளே இழுக்கப்பட்டது. 2007இல் அதற்குக் காரணமான மரபணுவையும் கண்டறிந்தார்கள்.

எனவே கலப்பின விதை எடுப்பவர் பூ விரிவதற்கு முந்தைய நாளே மொட்டைப் பிடித்து, இடுக்கியால் அந்த மஞ்சள் கூம்பை முழுதாக உருவி எடுத்துவிட வேண்டும். சூல்முடி நசுங்கக் கூடாது. மறுநாள், ஆண் பெற்றோராகத் தேர்ந்தெடுத்த செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தில் உள்ள ராணிபென்னூர் வட்டாரத்தில் இந்த வேலை ஒரு குடிசைத் தொழில் போலவே நடக்கிறது. இயந்திரம் புகாத தொழில் இது. பத்து விதைக்கு ஏன் இவ்வளவு விலை என்று கடையில் முணுமுணுப்பவர்கள், ஒவ்வொரு பழத்துக்குப் பின்னாலும் இடுக்கி பிடித்த ஒரு கை இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி மரபியலுக்கு வருவோம். தக்காளியில் 12 இணைக் குரோமோசோம்கள் உண்டு. 2012இல் அதன் மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது சுமார் 35,000 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகளாக இருக்கும். பல தலைமுறைகள் தன்னைத் தானே கருவுறச் செய்த தூய வரிசை ஒன்றில் இரு படிகளும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. இப்படிப்பட்ட இரண்டு தூய வரிசைகளைக் கலந்தால் பிறக்கும் பிள்ளைகள் அனைத்தும், வேறுபடும் ஒவ்வொரு மரபணுவிலும், ஆளுக்கொரு படியைப் பெறுகின்றன. எஃப்1 செடிகள் இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்திருப்பதற்கு அதுவே காரணம். அடுத்த தலைமுறையில் அந்த இணைகள் பிரிந்து, சீட்டுக்கட்டைக் குலுக்கியது போல மீண்டும் சேர்கின்றன. ஒரு மரபணுவை மட்டும் எடுத்துக்கொண்டால், பிள்ளைகளில் பாதிதான் தாய்ச்செடியைப் போல இரு வகைப் படிகளையும் வைத்திருக்கும். பெற்றோர் தனித்தனியே கடத்தப்படும் பத்து மரபணுக்களில் வேறுபட்டிருந்தால், பத்திலும் தாயைப் போலவே அமையும் வாய்ப்பு 1,024இல் 1. மாடியில் ஐந்து பை வைத்திருப்பவருக்கு அந்த ஒன்று கிடைக்காமல் போவதில் வியப்பு என்ன இருக்கிறது?

இதைத் தெளிவாகக் காட்டும் மரபணு ஒன்று தக்காளி வணிகத்தையே மாற்றியது. பழுத்தலைத் தடுக்கும் "ரின்" என்ற மாற்றத்தை 1968இல் அறிவித்தார்கள். இதன் இரு படிகளையும் பெற்ற செடியின் காய் வாரக்கணக்கில் வைத்திருந்தாலும் சிவக்காமல் வெளிர் மஞ்சளாகவே நிற்கும். எத்திலீன் வாயுவைச் செலுத்தினாலும் முறையாகப் பழுக்காது. அதை மட்டும் வைத்து ஒருவரும் பிழைக்க முடியாது. ஆனால் சாதாரணச் செடியோடு அதைக் கலந்து, ஒரே ஒரு படி மட்டும் இருக்கும் எஃப்1 செடியை உண்டாக்கினால், பழம் பழுக்கிறது, ஆனால் மெதுவாக. பறித்த பின்னும் நீண்ட நாள் தொய்யாமல் இருக்கிறது. நெடுநாள் தாங்கும் வணிகக் கலப்பினங்கள் பலவற்றின் அடித்தளம் இதுவே. அப்படிப்பட்ட பழத்தின் விதையைச் சேமித்து விதைத்தால், சராசரியாக நான்கில் ஒரு செடி என்றுமே பழுக்காத காய்களைத் தரும்.

கலப்பினம் என்றாலே கூடுதல் வீரியம் என்ற எண்ணம் மக்காச்சோளத்திலிருந்து வந்தது. இயல்பாகவே அயல் மகரந்தத்தை நாடும் மக்காச்சோளத்தைத் தூய வரிசையாக்கினால் அது மெலிந்து போகிறது. கலந்தால் துள்ளி எழுகிறது. தக்காளியோ காலங்காலமாகத் தன் மகரந்தத்திலேயே வாழப் பழகிய செடி. அதன் தூய வரிசைகள் நோஞ்சான்கள் அல்ல. ஆகவே தக்காளியில் வீரியம் என்ற சொல்லுக்குச் சற்று அதிகமாகவே மதிப்புக் கொடுக்கிறோம் என்பது என் கருத்து. விதிவிலக்குகள் உண்டு. பூத்தலைத் தூண்டும் ஒரு மரபணுவில் பழுதான படி ஒன்றும் நல்ல படி ஒன்றும் சேர்ந்த செடிகள், இரண்டும் நல்லவையாக உள்ள செடிகளைவிட 60 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் தந்ததை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் வீட்டுத் தோட்டத்துக்குக் கலப்பினத்தின் முதன்மையான பயன் நோய் எதிர்ப்பே.

நம் ஊரில் தக்காளியை வீழ்த்தும் முதல் எதிரி இலைச்சுருட்டு நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. வந்த பின் மருந்து இல்லை. அதைத் தாங்கும் மரபணுக்கள் தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளிகளில்தான் இருந்தன. அவை பெரும்பாலும் ஓங்கு பண்புடையவை என்பதால், பெற்றோரில் ஒன்று மட்டும் வைத்திருந்தாலும் எஃப்1 செடிக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும். தாய் இனிப்பைக் கொண்டுவரட்டும், தந்தை எதிர்ப்பைக் கொண்டுவரட்டும் என்று வேலையைப் பங்கிட முடிகிறது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் என்ற பெரும்பழக் கலப்பினம் இவ்வாறே இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் எதிர்க்கும் ஆற்றலை ஒரே செடியில் சேர்த்தது. சேமித்த விதையில் அந்தப் பாதுகாப்பு சில பிள்ளைகளுக்கு வராமல் போகிறது. தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது செடி இலை சுருண்டதன் கதை அதுதான்.

பழத்தின் அளவும் இனிப்பும் தனிக் கதை. பெரு, எக்குவடோர் பகுதிகளில் வளரும் காட்டுத் தக்காளியின் பழம் சுண்டைக்காய் அளவே இருக்கும். சுண்டையும் மணத்தக்காளியும் கத்தரியும் சேர்ந்த அதே சொலானம் பேரினத்தைச் சேர்ந்ததுதான் தக்காளியும் என்பதால் இந்த ஒப்புமை தற்செயல் அல்ல. அந்தச் சிறு பழத்தில் இரண்டே சூல் அறைகள் உண்டு. பெரும்பழத் தக்காளியைக் குறுக்கே வெட்டினால் பல அறைகள் தெரிவதற்கு அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் மரபணு மாற்றங்கள் காரணம். உயிரணுக்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் இன்னொரு மரபணுவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் பிரித்தெடுத்தார்கள். செர்ரி தக்காளி இந்தப் பாதையின் இடைவழியில், காட்டுப் பழத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பழம் பெருக்கும்போது இலைகள் தரும் சர்க்கரை அதே விகிதத்தில் பெருகுவதில்லை, நீர்தான் பெருகுகிறது. சாதாரணத் தக்காளிச் சாற்றில் கரைந்த திடப்பொருள் 4 முதல் 5 சதவீதம் இருக்க, நல்ல செர்ரி ரகங்களில் அது 7 முதல் 9 வரை செல்கிறது. ஜப்பானின் டோக்கிடா நிறுவனம் உருவாக்கிய, 1992இல் வெளிவந்த ஆரஞ்சு நிற சன்கோல்ட் என்ற கலப்பினம் உலகெங்கும் வீட்டுத் தோட்டக்காரர்களின் செல்லமானது இந்த இனிப்பால்தான். அதன் மெல்லிய தோல் மழை பெய்தவுடன் வெடிப்பதும் பெயர்பெற்றதே. சர்க்கரை மிகுந்த பழத்துக்குள் நீர் வேகமாகப் புகும்போது தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. பையை ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கும் பழக்கம் மழை செய்வதையே செய்கிறது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அறிவியல் உண்டு. தக்காளி காய்ப்பிடிக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. பகல் 35ஐத் தாண்டி இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் மலடாகிப் பூக்கள் காம்போடு உதிர்கின்றன. சென்னையில் மே மாத இரவுகள் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அப்போது பூ உதிர்வதைப் பார்த்து மேலும் மேலும் உரம் போடுவது வீண் செலவு. வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணியும் வேளையில் நடவுக்கு நாற்று ஆயத்தமாக இருக்குமாறு அக்டோபர் கடைசியில் குழித்தட்டில் விதைத்தால், தை, மாசியில் பழம் பறிக்கலாம். கோடை முற்றிய பின் பழுப்பவை சிவக்காமல் மஞ்சளோடு நின்றுவிடுவதும் வெப்பத்தின் வேலைதான். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைக்கோபீன் உருவாவது குன்றிவிடுகிறது.

பூ மலர்ந்தும் காய் பிடிக்காதபோது காற்றும் வண்டும் இல்லாமை காரணமாக இருக்கலாம். தன் மகரந்தம்தான் என்றாலும் அது குழாயினுள் உதிர ஓர் அதிர்வு வேண்டும். கூடு கட்டித் தேன் சேர்க்கும் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. முருங்கைப் பூவைச் சுற்றிவரும் கருநிறத் தச்சன் வண்டும், வயிற்றில் நீலப் பட்டை கொண்ட தனித்தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு சிறகுத் தசைகளை ரீங்கரிக்கச் செய்து மகரந்தத்தை உலுக்கி எடுக்கின்றன. ஐந்தாவது மாடிக்கு அவை வராவிட்டால், முற்பகலில் கொத்தின் காம்பை விரலால் இரண்டு முறை சுண்டிவிட்டாலே போதும்.

செர்ரி தக்காளிக் கலப்பினங்களில் பெரும்பாலானவை கொடி போல ஓயாமல் வளர்பவை. 20 லிட்டருக்குக் குறையாத பை, ஆறடிக் கழி, நிழல்வலையின் விளிம்பிலிருந்து தொங்கவிட்ட கயிறு ஆகியவை அவற்றுக்குத் தேவை. நாற்றை நடும்போது தண்டின் கீழ்ப்பாதியை மண்ணுக்குள் புதைத்தால், புதைந்த பகுதி முழுவதும் வேர்விடும். முதிர்ந்த தண்டின் அடியில் காணும் வெண்ணிறப் புடைப்புகள் நோய் அல்ல, வெளிவரக் காத்திருக்கும் வேர்முனைகள்.

அந்த வேர்முனைகள்தான் சேமித்த விதையால் செய்ய முடியாததைச் செய்து காட்டுகின்றன. இலைக்கும் தண்டுக்கும் இடையில் முளைக்கும் பக்கக் கிளையைச் செடி அடர்ந்துவிடக் கூடாது என்று கிள்ளி எறிகிறோமே, அதில் ஒரு சாண் நீளமுள்ள ஒன்றை எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, நிழலில் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடுகிறது. இங்கே மகரந்தம் இல்லை, சீட்டுக் குலுக்கலும் இல்லை. 1,024இல் ஒன்றாகக் கூடக் கிடைக்காத அதே எஃப்1 செடி மரபணு மாறாமல் அடுத்த பையில் நிற்கும். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் அதுவும் உடன் வரும் என்பதால், இலை சுருளாத, வெள்ளை ஈ அண்டாத செடியிலிருந்தே கிளையை எடுக்க வேண்டும். மார்ச் மாதத்தில் எடுத்த துண்டைக் கோடை முழுவதும் நிழலில் வைத்துக் காப்பாற்றிவிட்டால், பருவமழைக்குப் பின் புதுப் பாக்கெட் வாங்கத் தேவையில்லை.