தண்ணிமட்டத்தை எருமை மாத்தின கதை

திருகோணமலையில இருந்து நிலாவெளி தாண்டி குச்சவெளிப் பக்கம் போனீங்களெண்டா ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு உப்பளம் எண்டு மாறி மாறி வரும். அந்தப் பக்கத்துக் களப்புக் கரை ஒண்டிலதான் நாங்க கொஞ்சப் பேர் சேர்ந்து தண்ணிமட்டமும் மரஞ்செடியும் அளந்து எழுதி வாறம். "மாரிக்கு ஏறும், கோடைக்கு வத்தும், இதில என்னத்த அளக்கிறியள் தம்பி" எண்டு இறாலுக்கு வலை வீச வாற அண்ணன் ஒராள் முதல் நாளே சிரிச்சார்.

அளக்கிறது லேசுதான். சென்ரிமீட்டர் கோடு போட்ட கம்பம் ஒண்டை சேத்துக்குள்ள இறுக்கி நட்டு, தண்ணி எந்தக் கோட்டில நிக்குதெண்டு பாத்து எழுதவேணும், அவ்வளவுதான். ஆனா ஒருநாள் விடிய போய்ப் பாத்தா 6 சென்ரிமீட்டர் கூட காட்டுது, மழை ஒரு பொட்டு இல்ல, கடலும் பெருகேல்ல. பிறகுதான் பாத்தம், சுத்தவர எருமைக் காலடி. ராவில முதுகு சொறிய கம்பத்தில உரஞ்சியிருக்குது, கம்பம் சேத்துக்குள்ள இறங்கிப்போச்சு. கம்பம் இறங்கினா தண்ணி ஏறினமாதிரித்தான் தெரியும். இதுக்காகத்தான் அசையாத இடத்தில, மதகுக் கொங்கிறீட்டில ஒரு ஆணி அடிச்சு வச்சு, மேசன்மார் பாவிக்கிற ரியூப் லெவலாலயே ஆணிக்கும் கம்பத்துப் பூச்சியத்துக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் எண்டு அடிக்கடி சரிபாக்கிறது. அந்த ஆணி இல்லாட்டி புத்தகத்தில எழுதின நம்பர் ஒண்டுக்கும் உதவாது.

எல்லா நேரமும் ஆள் நிக்க ஏலாதுதானே, அதால தண்ணிக்குள்ள ஒரு சென்சரும் கிடக்கு. அது மட்டத்தை நேரா பாக்கிறேல்ல, தனக்கு மேல இருக்கிற பாரத்தைத்தான் அளக்குது, அந்தப் பாரத்தில காத்தின்ர பாரமும் சேர்ந்துதான் இருக்கும். காத்தமுக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினா கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீட்டர் தண்ணிக்குச் சமன். எங்கட மாதிரி வெப்பமண்டல இடங்களில காத்தமுக்கம் ஒவ்வொரு நாளும் காலமை பத்து மணி போலயும் இரவு பத்து மணி போலயும் கூடி, விடியப்புறமும் பின்னேரமும் நாலு மணி போல குறையும், வித்தியாசம் ரெண்டு மூண்டு ஹெக்டோபாஸ்கல் வரும். அதைக் கழிக்காம விட்டா தண்ணி அசையாத குளத்திலயும் கடல் பெருக்கு மாதிரி ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஏறி இறங்கிற கள்ளக் கோடு வந்திடும். அதால கரையில மரத்தில இன்னொரு சென்சர், காத்தை மட்டும் அளக்க.

கழிச்ச பிறகு வாற கிராப்தான் சுவாரசியம். களப்பு கடலோட சேருற கடல்வாய் திறந்திருக்கேக்க கோடு அரிவாள் பல்லு மாதிரி சின்னச் சின்னதா ஏறி இறங்கும், இலங்கைப் பக்கம் கடல் பெருக்கே ஒரு மீட்டரை எட்டாது, களப்புக்குள்ள அதிலயும் கொஞ்சம்தான் வரும். மண்திட்டு அந்த வாயை அடைச்சிட்டுதெண்டா பல்லு மழுங்கி நேர்கோடாகிடும், பிறகு மாரி மழைத்தண்ணி வெளிய போக வழியில்லாம மெல்ல மெல்ல ஏறும்.

இதைக் களப்புக் கரைக் கண்டல் மரம் எப்பிடித் தாங்குது? வெண்கண்டல் இலையை நாக்கில வச்சுப் பாருங்க, உப்புக் கரிக்கும், உறிஞ்சின உப்பை இலையால வெளிய தள்ளிற மரம் அது. மூச்செடுக்கிறது சேத்துக்கு மேல பென்சில் நட்டமாதிரி நீட்டிக்கொண்டு நிக்கிற வேரால. பெருக்குத் தண்ணி வந்து மூடிப்போட்டு இறங்கினா பிரச்சினை இல்ல, நாள்க்கணக்கில இறங்காமலே நிண்டா மூச்சுமுட்டும். அதால வேர் நுனி எந்த உயரம் எண்டதையும் அதே ஆணியில இருந்துதான் அளந்து வச்சிருக்கிறம், தண்ணிக்கோடு அதைத் தாண்டி எத்தின நாள் நிக்குது எண்டதுதான் கேள்வி.

கரைப்பக்கம் உமிரி, பன், கோரைக்கு வேற முறை. பிவிசி பைப்பில ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, ஒவ்வொரு தரமும் அதே இடங்களில வச்சு, உள்ளுக்கு எந்தச் செடி எத்தின வீதம் மூடியிருக்கெண்டு பாக்கிறது. ஒராள் 40 எண்டுவார், மற்றவர் 60 எண்டுவார். சண்டைதான். அதால இப்ப வீதத்தை விட்டு, கால்வாசிக்குக் கீழயா, அரைவாசிக்கு மேலயா எண்டு வகுப்பா எழுதிறம், ஒரு போட்டோவும் எடுக்கிறம். உப்புத் தாங்கிற உமிரி நிண்ட இடத்துக்கு நல்லதண்ணி விரும்பிற பன் நகர்ந்தா நல்லதண்ணி கூடுது எண்டு விளங்கும்.

செற்றலைட்டும் உதவும். சென்ரினல்-2 படம் ஐஞ்சு நாளைக்கு ஒருக்கா, 10 மீட்டர் துல்லியத்தில, காசில்லாமலே கிடைக்குது. பச்சை இலை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நல்லாத் திருப்பி அனுப்பும், தண்ணி அதைக் குடிச்சிடும், அதைவச்சே செடி எது தண்ணி எது எண்டு பிரிக்கலாம். என்ன, முக்கியமா பாக்கவேண்டிய மாரியிலதான் முகில் மறைச்சுப்போடும். அப்ப ரேடார்தான், சென்ரினல்-1 முகிலுக்குள்ளாலயும் பாக்கும், அலையில்லாத தண்ணி அதில கறுப்பா விழும்.

போன மாரியில கோடு மூண்டு கிழமை பல்லில்லாம கிடந்து வேர் நுனியையும் தாண்டிட்டுது. பிறகு மீன்பிடிக்கிற ஆக்கள் சேர்ந்து மண்திட்டை வெட்டிவிட்டினம், ரெண்டாம் நாள் கோடு மடமடவெண்டு இறங்கிச்சு. இப்ப அந்த அண்ணன் எங்களைக் கண்டா வேற ஒண்டும் கேக்கிறேல்ல, "என்ன தம்பி, பல்லு நிக்குதா?" எண்டுதான் கேக்கிறார்.