பதினேழாம் நாள் வேலைக்கு வருகிறவருக்கு

துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, ஆள் வருவதில் நம் நெல்லைச் சீமையில் குறை இருக்காது. சேதி கேட்டதும் அலுவலகமே வேன் பிடித்து வந்து நிற்கும். மாலை, நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொள்வார்கள். பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து, சொந்தபந்தம் அவரவர் பாட்டைப் பார்க்கப் போன பிறகு, பதினேழாம் நாள் காலையில் அந்த மனிதர் பஸ் ஏறி வேலைக்கு வருகிறாரே, அன்றுதான் உடன் வேலை செய்கிறவர்களின் துணை அவருக்கு மிகவும் தேவை. பல இடங்களில் அன்றோடு அது நின்றுவிடுகிறது.

பலருக்குப் பதினாறு நாள்கூடக் கிடைப்பதில்லை. தனியார் நிறுவனங்கள் துக்கத்துக்கென்று விடுப்பு தரவேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. தமிழக அரசு ஊழியருக்கும் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். பீடி சுற்றும் பெண்களுக்கோ, சுற்றினால்தான் கூலி. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் பத்துப் பேர் ஆளுக்கு நூறு பீடிக் கூலியை ஒதுக்கினால், துட்டி வீட்டுக்காரிக்கு ஆயிரம் பீடிக் கூலி சேர்ந்துவிடும். இதை மொய் நோட்டில் ஏற்றாதீர்கள். பேர் எழுதினால் திருப்பிச் செய்யவேண்டிய கடனாகிவிடும்.

"எதுன்னாலும் கேளுங்க அண்ணாச்சி" என்று எல்லாரும் சொல்கிறோம். அவர் கேட்கமாட்டார். என்ன தேவை என்று யோசிக்கவே அவருக்குத் தெம்பு இருக்காது. "இந்த வாரம் பிள்ளைகள நான் பள்ளிக்கூடத்துல விட்டுருதேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள், அவர் தலையாட்டினால் போதும். சாப்பாடும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று நாள் உறவுமுறையில் வந்துவிடும். யார் முறை என்று தெரியாமல் நாம் கொண்டுபோனால் மனத்தாங்கல்தான். ஐந்தாம் நாளுக்கு மேல், வீட்டில் நாலு பேர் மிஞ்சும்போது, ராத்திரிக்குப் பதினாறு இட்லியும் ஒரு தூக்குச்சட்டி சாம்பாரும் பெரிய உதவி.

அவருடைய வேலையைப் "பார்த்துக்கிடுதோம்" என்று வாங்கி, மேசையில் அடுக்கிவைக்கிற தவறு அடிக்கடி நடக்கிறது. திரும்பி வந்த முதல் நாளே அத்தனை கோப்பும் அவர் முன்னால் நிற்கும். பொறுப்பை ஒருவர் எடுத்து, முடித்தது எது, தள்ளிவைத்தது எது, அவர்தான் பார்க்கவேண்டியது எது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். துக்கம் தூக்கத்தைக் கெடுக்கும், கவனம் சிதறும். மில்லில் இயந்திரத்தடியில் நிற்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், மின்சார வேலை செய்கிறவர் என்றால் முதல் சில வாரங்களாவது இரவு ஷிப்டு வேண்டாம். பணம் எண்ணும் வேலை என்றால் கூட ஒரு ஆள் சரிபார்க்கட்டும்.

வந்த அன்று வரிசையில் நின்று துக்கம் விசாரிக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் வாசலிலேயே நின்று கூட்டிவந்தால் போதும். "வயசாயிட்டுல்லா, கல்யாணச் சாவுதான", "இன்னொரு பிள்ள இருக்குல்லா" என்பவை ஆறுதல் ஆகாது. எப்படி இறந்தார் என்று துருவுவது, தற்கொலையிலும் விபத்திலும் குறிப்பாக, காயத்தைக் கீறுவது. இறந்தவரின் பேரைச் சொல்லத் தயங்கவும் வேண்டாம். "ஒங்கப்பா ஒங்களப் பத்திப் பேசும்போது அவ்வளவு சந்தோசப்படுவாவ" என்ற ஒரு வரி நெடுநாள் நிற்கும்.

கணவனை இழந்த பெண்ணுக்கு வேறொரு அடி காத்திருக்கிறது. ஆயுத பூஜையன்று குங்குமத் தட்டு மேசை மேசையாக வரும். அவர் மேசைக்கு வந்ததும் தட்டுப் பிடித்த கை ஒரு நொடி தயங்கி, அடுத்த மேசைக்குத் திரும்பும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருப்பார். இது நடக்காமல் தடுக்க, நெருங்கின தோழி ஒருத்தி முந்தின நாளே "அக்கா, நாளைக்கு ஒங்ககிட்டயும் தட்டு வரும், எடுத்துக்கிடுவீங்களா?" என்று தனியே கேட்டுவிடட்டும். எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம். தட்டு மட்டும் அவரைத் தாண்டிப் போகக்கூடாது. முஸ்லிம் பெண் என்றால், கணவன் இறந்தபின் காத்திருக்கும் இத்தா காலம் 4 மாதம் 10 நாள். கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. அந்த விடுப்பை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு இங்கே நிறைய வேலை உண்டு. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதுவரை கட்டணம் இல்லை. பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்துப் பிசகினாலும் வாரிசுச் சான்றிதழில் தொடங்கி வங்கி வரை இழுத்தடிக்கும். இறந்தவருக்கு பிஎஃப் இருந்தால் பணத்துக்குப் படிவம் 20, பென்ஷனுக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎஃப். அவருடைய ஏடிஎம் கார்டில் இனிப் பணம் எடுக்கக்கூடாது, பின்னால் வழக்காகலாம்.

வாரக்கணக்கில் சாப்பாடு தூக்கம் இல்லாமல், குடி கூடி, "இருந்து என்ன செய்ய" என்று பேசுகிறார் என்றால் "தைரியமா இரு" என்று விட்டுப் போகாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடவேண்டாம். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூடவே ஒருவர் போவது நல்லது.

இறந்த தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்துவையுங்கள். ஆடி அமாவாசை, கத்தோலிக்கர் என்றால் நவம்பர் 2 கல்லறைத் திருநாள், ஆண்டுத் திதி: இந்த நாள்களில் விடுப்பு கேட்டால் மறுகேள்வி வேண்டாம். முதல் தீபாவளிக்கு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பலகாரம் தரலாமா என்று கேட்டுவிட்டு, ஒரு டப்பாவில் முறுக்கும் அதிரசமும் போட்டு, சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.