பாதி விலையில் கப்பல் பயணம்: முதலில் ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பாருங்கள்

"50 சதவீதத் தள்ளுபடி, இரண்டாவது நபருக்குப் பாதிக் கட்டணம், குழந்தைகளுக்கு இலவசம்." பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், சிங்கப்பூர் கப்பல் பயண விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் வரிசை கட்டி வரும். அதை அப்படியே எனக்கு அனுப்பி, "சார், இது நல்ல ரேட்டா?" என்று கேட்பவர்கள் நிறைய. சென்னையில் வெளிநாட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. சொல்லத் தேவையான விவரம் எதுவும் பெரும்பாலும் அந்த விளம்பரத்தில் இருக்காது.

முதலில், எந்த விலையிலிருந்து 50 சதவீதம்? சோப்பின் மேலே அச்சிட்ட எம்.ஆர்.பி. மாதிரி கப்பல் கேபினுக்கு நிலையான விலை கிடையாது. விமான டிக்கெட்டைப் போலவே கேபின் விலையும் நாளுக்கு நாள் மாறும். அடித்துவிட்டுக் காட்டும் அந்தப் 'பழைய விலை'யில் யாராவது உண்மையில் பயணம் செய்தார்களா என்பதே சந்தேகம். அதனால் என்னிடம் வருபவர்களிடம் சதவீதத்தை மறந்துவிடச் சொல்வேன். பார்க்க வேண்டியது ஒரே எண்தான்: எல்லாச் செலவும் சேர்த்து, ஒருவருக்கு, ஓர் இரவுக்கு எவ்வளவு ஆகிறது?

குறைந்த கட்டணம் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தெளிவான வணிகக் காரணம் இருக்கிறது. கேபின் காலியாகப் போனால் கப்பல் நிறுவனத்துக்கு நஷ்டம். ஆள் ஏறிவிட்டால் மது, இணையம், கசினோ, தனி உணவகம், கரையில் சுற்றுலா என்று கப்பலுக்குள் செலவு செய்வார். உலகின் மிகப் பெரிய கப்பல் பயண நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேஷனுக்கு 2024இல் வந்த வருமானம் சுமார் 2,500 கோடி டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட் விற்றுக் கிடைத்ததல்ல, பயணிகள் கப்பலில் செய்த செலவு உள்ளிட்ட மற்ற வகைகளில் வந்தது. ராயல் கரீபியன் நிறுவனம் அதே ஆண்டு கப்பல்களை 108 சதவீதம் நிரப்பி ஓட்டியது. ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்பதை 100 சதவீதமாக வைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகளும் ஏறுவதால் அது நூறைத் தாண்டுகிறது. 'குழந்தைகளுக்கு இலவசம்' என்ற அறிவிப்பு எங்கிருந்து வருகிறது என்பது இதில் புரியும்.

அந்த 'இலவசம்' கேபின் கட்டணத்துக்கு மட்டும்தான். துறைமுகக் கட்டணத்தைக் குழந்தைக்கும் கட்ட வேண்டும். ஊழியர்களுக்கான தினசரி சேவைக் கட்டணமும், அதாவது கிராஜுவிட்டி, பெரும்பாலான கப்பல்களில் குழந்தைக்கும் உண்டு. ராயல் கரீபியனில் சாதாரண கேபினுக்கு இது 2025இல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலராக இருந்தது. விளம்பர விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. கப்பலில் உங்கள் கணக்கில் ஏறி, கடைசி நாள் பில்லில் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் என் மேசைக்கு வரும் கணக்குகளின் உருவம் இதுவே. அப்பா, அம்மா, ஒரு பிள்ளை. மூன்று இரவுப் பயணம். விளம்பரத்தில் ஒருவருக்கு 25,000 ரூபாய், பிள்ளைக்கு இலவசம். ஆக 50,000 ரூபாய். மூன்று பேர், மூன்று இரவு என்றால் தலைக்கு ஓர் இரவு 5,555 ரூபாய்தான் வருகிறது. மூன்று வேளைச் சாப்பாட்டோடு இந்த விலைக்குச் சிங்கப்பூரில் எங்கே தங்க முடியும்? ஆசை வருவது நியாயம்.

சரி, மிச்சத்தைச் சேர்ப்போம். துறைமுகக் கட்டணமும் வரிகளும் ஆளுக்கு 7,000 வீதம் 21,000. இந்த 71,000க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 3,550. சேவைக் கட்டணம் மூன்று பேருக்கு, மூன்று நாளுக்குச் சுமார் 14,000. மொத்தம் 88,550. இப்போது தலைக்கு ஓர் இரவு 9,800 ரூபாயைத் தாண்டிவிட்டது. கப்பலில் இன்னும் ஒரு காபிகூடத் தனியாக வாங்கவில்லை. விமானம், விசா, முந்தைய இரவு ஹோட்டல் எதுவும் இதில் இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கு ஓரளவு முடிவு கட்டியிருக்கிறார்கள். கட்டாயக் கட்டணங்களை மறைத்து விலை சொல்லக் கூடாது என்று கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்த 2024 ஜூலையிலிருந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்த நாடு முழுக்க வரி, துறைமுகக் கட்டணம் சேர்த்தே விலை காட்டுகின்றன. நம் கைக்கு வரும் வாட்ஸ்அப் படங்களில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. எனவே நீங்களே ஒரு வேலை செய்யுங்கள். ஏஜென்ட் சொல்லும் அதே கப்பல், அதே தேதி, அதே வகைக் கேபினை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போங்கள். பணம் கட்ட வேண்டாம். அந்தக் கடைசிப் பக்கத்தில் தெரியும் மொத்தத் தொகையோடுதான் ஏஜென்ட் சொன்னதை ஒப்பிட வேண்டும். நான் கொடுக்கும் விலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் நாட்கணக்கு. '4 நாள் 3 இரவு' என்று போட்டிருக்கும். முதல் நாள் மதியத்துக்கு மேல் ஏறுவீர்கள், கடைசி நாள் காலை உணவு முடிந்ததும் இறங்கச் சொல்லிவிடுவார்கள். முழுதாகக் கிடைப்பது இரண்டு நாள். '3 நாள் 2 இரவு' என்றால் ஒரே ஒரு முழு நாள். துறைமுகத்தில் நிற்கும் நேரத்தையும் கேளுங்கள். 'கோலாலம்பூர்' என்று எழுதியிருந்தாலும் கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். அங்கிருந்து நகரத்துக்குப் போய்வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாலையில் கழியும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கரைக்குத் தள்ளி நங்கூரமிட்டு, சிறிய படகுகளில் ஆட்களை இறக்குகின்றன. அந்த வரிசையில் நிற்கும் நேரமும் உங்கள் நேரம்தான். வானிலை சரியில்லை என்றால் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போக நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் உரிமை உண்டு. அப்படி நடந்தால் அந்தத் துறைமுகத்துக்கான கட்டணம் மட்டும்தான் பொதுவாகத் திரும்ப வரும்.

மிகக் குறைந்த விலை என்றால் அது பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் கேபின். அதிலும் 'கேரண்டி' கேபின் என்று ஒரு வகை உண்டு. எந்த அறை என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, நிறுவனம் பின்னால் ஒதுக்கும். இரண்டு மூன்று இரவுக்கு உள் கேபின் போதும் என்பது என் கருத்து. தூங்கவும் குளிக்கவும் மட்டும்தான் அறைக்கு வருவீர்கள். ஆனால் கடல் பயணத்தில் தலைசுற்றும் என்று பயப்படுபவர்கள், வயதானவர்கள் கூட வந்தால் கேரண்டி வேண்டாம். கொஞ்சம் கூடக் கொடுத்துக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறையைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. தனியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பர விலை 'இருவர் தங்கினால் ஒருவருக்கு' என்பது. ஒருவரே தங்கினால் பல நேரம் இரண்டு பேர் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டியிருக்கும்.

கூடவே தரும் 'இலவச'ப் பொருட்களை உங்கள் குடும்பத்தின் பழக்கத்தை வைத்து எடை போடுங்கள். மது அருந்தாத குடும்பத்துக்குப் பானங்களுக்கான பேக்கேஜால் எந்தப் பயனும் இல்லை. விலைக்கு வாங்குவதாக இருந்தாலும் கவனம் தேவை. ராயல் கரீபியனின் மது பேக்கேஜை ஒரு கேபினில் ஒருவர் வாங்கினால், அதே கேபினில் இருக்கும் மது அருந்தும் வயதுள்ள மற்றவர்களும் வாங்க வேண்டும் என்பது விதி. 'ஆன்போர்டு கிரெடிட்' என்று தருவது கப்பலுக்குள் செலவழிக்க மட்டுமே. பெரும்பாலும் அதைப் பணமாகத் திரும்பத் தர மாட்டார்கள். இன்னொரு செலவு பலருக்கும் ஊருக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. நடுக்கடலில் உங்கள் ஃபோன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. கப்பல் கிளம்பும்போதே ஏர்பிளேன் மோடில் போட்டுவிடச் சொல்லி ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன்.

இனி கப்பலுக்கு வெளியே ஆகும் செலவு. சிங்கப்பூரில் ஏறி, மலேசியா போய், மறுபடி சிங்கப்பூரில் இறங்கினால் அது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. விசா பல முறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைத் திரும்பி வரும்போது இன்னொரு முறை நிரப்ப வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தது, ஆனால் அந்த நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டை தனி. பயணம் செய்யும் நேரத்தில் என்ன விதி என்பதைத் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். விமானத்தில் போய் அதே நாளில் கப்பல் ஏறும் திட்டத்தை நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. முந்தைய இரவு ஹோட்டல் செலவைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு 2020 அக்டோபரிலிருந்து பிடிக்கப்படும் டிசிஎஸ், அதாவது பணம் கட்டும்போதே விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணமும் இருக்கிறது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் கையில் இருந்து முதலில் போகும் பணம் அது. அதை எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படி வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் கூட்டினால் சில முடிவுகள் மாறிவிடும். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. இந்த மாதிரிப் பயணங்களில் விமானச் செலவே இல்லை, ஆட்டோவில் துறைமுகம் போய்விடலாம். ஆனால் எம்ப்ரஸ் 1990இல் கட்டிய, சுமார் 48,000 டன் கப்பல். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கெண்டிங் ட்ரீம் 2016இல் வந்தது, சுமார் ஒன்றரை லட்சம் டன். நீச்சல் குளம், நிகழ்ச்சிகள், பிள்ளைகளுக்கான விளையாட்டுகள் எல்லாமே இதில் பெரிய அளவில் இருக்கும். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் நடுக்கடல் வரை போய்த் திரும்பும் பயணங்களும் உண்டு. 'கப்பலில் போய் வந்தோம்' என்பதே ஆசை என்றால் அது போதும். ஊர் பார்க்க வேண்டும் என்பவர் அதில் ஏறினால் ஏமாற்றம்தான்.

உண்மையிலேயே நல்ல பேரம் யாருக்கு அமைகிறது? என் அனுபவத்தில், பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்களுக்கு. சிங்கப்பூரில் ஜூனிலும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரையிலும் நீண்ட பள்ளி விடுமுறை. நம் ஊர் கூட்டம் ஏப்ரல், மே. சீனப் புத்தாண்டு வாரமும் கூட்டம்தான். இவற்றை விட்டுவிட்டு, வாரக்கடைசியில் கிளம்பாத பயணமாகப் பார்த்தால் விலை நிஜமாகவே இறங்குகிறது. அடுத்தது, தாத்தா பாட்டியோடு போகும் குடும்பம். தினமும் பெட்டி கட்ட வேண்டாம், வெயிலில் நடக்க வேண்டாம், சாப்பாடு தேடி அலைய வேண்டாம். பிள்ளைகள் ஓடுவார்கள், பெரியவர்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஓர் இரவுக்குப் பத்தாயிரம் ஆனாலும் இவர்களுக்கு அது கொடுக்கத் தகுந்த பணம் என்று மனதாரச் சொல்வேன். ஜெயின் உணவு, சைவ உணவு தேவைப்பட்டால் புக்கிங்கின்போதே பதிவு செய்யுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும், 24 வாரம் தாண்டிய கர்ப்பிணியையும் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். இதைத் தெரியாமல் பணம் கட்டிவிட்டு வருத்தப்படுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டப்படுகிறது.

தள்ளுபடி விலைக்கு ஒரு நிபந்தனை கூடவே வரும்: டெபாசிட் திரும்பாது. கிளம்பும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும், கடைசி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மொத்தமும் போய்விடும். இரண்டாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக ரத்து செய்யும் வசதியை விட்டுக்கொடுக்கலாமா என்பது உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது. வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். கப்பல் பயணத்தையும் சேர்த்துக் காக்கும் பயணக் காப்பீடு எடுங்கள். கப்பலில் மருத்துவரைப் பார்த்தால் பில் டாலரில்தான் வரும்.

கடைசியாக, கப்பலே இல்லாத கப்பல் பயணங்கள். 'நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், கப்பல் பயணம் இலவசம், துறைமுக வரி மட்டும் கட்டுங்கள்' என்று ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு என்று சொல்லித் தானியங்கி அழைப்புகள் செய்து, பஹாமாஸ் பயணம் இலவசம் என்று ஆசை காட்டி ஆளுக்கு 59 டாலர் கேட்டவர்கள்மீது 2015இல் அந்த நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் பத்து மாநிலங்களும் நடவடிக்கை எடுத்தன. நம் ஊரில் இதன் உறவுக்காரன், மால் வாசலில் நிரப்பச் சொல்லும் பரிசுக் கூப்பன். 'கணவன் மனைவி இருவரும் வந்து பரிசை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் பேசி, லட்சக்கணக்கில் விடுமுறை உறுப்பினர் திட்டத்தைத் தலையில் கட்டுவார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்டிடம் பணம் கட்டும்போது நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், தனிநபரின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். புக்கிங் எண் கையில் வந்ததும் கப்பல் நிறுவனத்தின் தளத்திலோ அவர்களிடமே ஃபோனிலோ, உங்கள் பெயரில் அந்தப் பதிவு இருக்கிறதா, எவ்வளவு பணம் கட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பதிவு இல்லை, ஆளும் ஃபோன் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே 1930ஐ அழையுங்கள், அது சைபர் மோசடிப் புகார் எண். தாமதிக்காமல் சொன்னால் பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பயணம் நடந்தும் சொன்னபடி எதையும் தரவில்லை என்ற வகைப் புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.